தயிர் நின்றது, கறிவேப்பிலை வெளுத்தது: மோர் இல்லாமல் செடிக்கும் சாதத்துக்கும் என்ன வழி?

மடிப்பாக்கம் மாடி எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். இங்கே பல மாதமாகப் படித்துக்கொண்டு மட்டும்தான் இருந்தேன், இப்போதுதான் முதல் முறையாகக் கேட்கிறேன். கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

மூத்த பெண் கல்லூரி இரண்டாம் ஆண்டு. போன ஜூனில் விடுதியைக் காலி செய்துவிட்டு வீட்டுக்கு வந்தவள், பெட்டியைக்கூடத் திறக்காமல் "இனிமேல் எனக்குப் பால், தயிர், நெய், தேன் எதுவும் வேண்டாம், நான் வீகன்" என்றாள். நாங்கள் ஏற்கெனவே சைவம்தான், அதனால் பெரிய சண்டை எதுவும் வரவில்லை. இரண்டு வாரத்தில் மறந்துவிடுவாள் என்றார் இவர். மூன்று மாதம் ஆகிவிட்டது, மறக்கவில்லை. அவள் ஒருத்திக்குத் தனியாகச் செய்வது எனக்குக் கட்டுப்படியாகவில்லை, இவருக்கும் கொழுப்பு கொஞ்சம் ஏறியிருக்கிறது என்று மருத்துவர் சொல்லியிருந்தார், அதனால் ஜூலையிலிருந்து தயிர் தோய்ப்பதையே நிறுத்திவிட்டேன். காலைக் காபிக்கு எங்கள் இருவருக்கும் அரை லிட்டர் பால், அவ்வளவுதான்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். மொட்டை மாடியில் பாதியாக வெட்டிய நீல டிரம்மில் ஒரு கறிவேப்பிலை மரம் இருக்கிறது. ஐந்து வருஷச் செடி. தினமும் மிஞ்சிய புளித்த மோரையும் தயிர்ப் பாத்திரம் கழுவிய தண்ணீரையும் அதற்குத்தான் ஊற்றுவேன். இலை ஒவ்வொன்றும் கரும்பச்சையாக, கிள்ளினால் விரலில் சாயங்காலம் வரை வாசனை நிற்கும். தயிர் நின்றதும் அந்த மோரும் நின்றது. ஆகஸ்ட் நடுவிலிருந்து புதுத் துளிர் எல்லாம் மஞ்சளாக வருகிறது. இலை மஞ்சள், அதில் நரம்பு மட்டும் பச்சைக் கோடாகத் தெரிகிறது, வரைபடத்தில் ஆறு போட்ட மாதிரி. அடியில் இருக்கும் பழைய இலைகள் நன்றாகத்தான் இருக்கின்றன.

வாட்ஸ்அப் குழுவில் படம் போட்டேன். வந்த பதில்கள்: புளித்த மோர் ஊற்றுங்கள். தேங்காய்ப் பாலும் மோரும் புளிக்கவைத்த தேமோர் கரைசல் கொடுங்கள். அரப்பு மோர் தெளியுங்கள். பஞ்சகவ்யம். முட்டைக் கரைசல். பக்கத்து வீட்டு மாமி அன்போடு மீன் கழிவை வெல்லத்தில் ஊறவைத்த மீன் அமிலமே ஒரு பாட்டில் கொண்டுவந்து கொடுத்துவிட்டார், மூடியைத் திறந்ததும் தெருப்பூனை இரண்டு மாடியேறி வந்துவிட்டன. பெண்ணிடம் சொன்னால், "அதை ஊற்றினால் அந்த மரத்து இலையை நான் தொடமாட்டேன்" என்கிறாள். கறிவேப்பிலை இல்லாமல் இந்த வீட்டில் எதைத் தாளிப்பது?

அப்புறம் சமையல். சாம்பார், ரசம், கூட்டு, பொரியல் எதிலும் கஷ்டம் இல்லை, நெய்க்குப் பதில் நல்லெண்ணெய் என்று போகிறது. மோர்க்குழம்பும் தயிர்சாதமும்தான் தொண்டையில் நிற்கிறது. சோயாப் பால் வாங்கித் தோய்த்துப் பார்த்தேன், பச்சைப் பயற்று வாடை. தேங்காய்ப் பாலில் உறைக்குப் பதில் மிளகாய்க் காம்பு போட்டு வைத்தேன், காலையில் மேலே கட்டியாக ஒரு அடை, கீழே கலங்கல் தண்ணீர். கீழே ஊற்ற மனமில்லாமல் குழம்பில் விட்டேன், யாரும் எதுவும் சொல்லவில்லை, அதுவே பதில்.

செடிக்கும் சாப்பாட்டுக்கும் மோர் இல்லாமல் வழி உண்டா? போர் தண்ணீர்தான் ஊற்றுகிறேன். கலவை: தேங்காய் நார்த்தூள், செம்மண், மண்புழு உரம். மற்றபடி புதினா, பொன்னாங்கண்ணி, கற்பூரவல்லி எல்லாம் நன்றாக இருக்கின்றன.

---

ஒருவரிக் கதிர் எழுதியது:

புரட்டாசி வந்தால் ஊரே ஒரு மாதம் கறியை விடுகிறது, இவர்கள் செடிக்கும் விரதம் வைக்கிறார்கள். மண்ணில் கோடிப் புழு இருக்கிறது, அதையும் கேட்டுக்கொண்டா உரம் போடுவார்கள்? பேசாமல் மோரை ஊற்றுங்கம்மா.

---

காட்டுக்காரர், காங்கேயம் எழுதியது:

மேலே சொன்னவரை விட்டுவிடுங்கள், அம்மணி. கேட்ட கேள்வி நல்ல கேள்வி. எனக்கு வீகன் கொள்கை எதுவும் கிடையாது, வீட்டில் நான்கு எருமை நிற்கிறது. ஆனால் உங்கள் செடிக்கு என்ன குறை என்பது நீங்கள் எழுதியதிலேயே இருக்கிறது.

புது இலை மஞ்சள், நரம்பு மட்டும் பச்சை, பழைய இலை நலம் என்றால் அது இரும்புச்சத்துக் குறை. செடிக்குள் இரும்பு ஓரிடத்தில் போய் உட்கார்ந்தால் அங்கிருந்து நகராது, அதனால் பற்றாக்குறை வந்தால் துளிர்தான் முதலில் வெளுக்கும். தழைச்சத்தோ மக்னீசியமோ குறைந்திருந்தால் அடி இலை முதலில் பழுத்திருக்கும், ஏனென்றால் அவற்றைச் செடி பழைய இலையிலிருந்து உருவித் துளிருக்குக் கொடுத்துவிடும். மஞ்சளாகிவிட்டது என்ற ஒரு வார்த்தையை மட்டும் கேட்டுவிட்டு மருந்து சொல்கிறவர்கள் இந்த ஒன்றைப் பார்ப்பதே இல்லை.

சரி, இரும்பு ஏன் குறைந்தது? மண்ணில் இரும்பு இல்லாமல் இல்லை, செம்மண்ணின் சிவப்பே இரும்புதான். உங்கள் போர் தண்ணீர்தான் ஆள். கடினத் தண்ணீரில் இருக்கும் சுண்ணாம்பும் கார உப்பும் டிரம்மில் சேரச் சேர மண் காரத்தன்மைக்குப் போகும், அப்போது இரும்பு கரையாத வடிவத்துக்குப் போய்விடும், வேர் அதை எடுக்க முடியாது. சோற்றுப் பானை பக்கத்திலேயே இருந்தும் கரண்டி இல்லாத கதை. கறிவேப்பிலை எலுமிச்சைக் குடும்பத்துச் செடி, இந்த விஷயத்தில் எலுமிச்சை மாதிரியே தொட்டாற்சிணுங்கி. புதினாவும் பொன்னாங்கண்ணியும் அவ்வளவு லேசில் காட்டிக்கொள்ளாது.

இத்தனை வருஷம் நீங்கள் ஊற்றிய மோர் என்ன செய்தது என்றால், அதில் உள்ள புளிப்பு, அதாவது லாக்டிக் அமிலம், தினமும் அந்தக் காரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக உடைத்துக்கொண்டே இருந்தது. செடிக்கு வேண்டியது அந்தப் புளிப்புதான். அது பசு மடியிலிருந்து வந்ததா அரிசிப் பானையிலிருந்து வந்ததா என்று வேருக்குத் தெரியாது.

ஆகவே செய்ய வேண்டியது. அரிசி கழுவிய இரண்டாம் தண்ணீரை ஒரு மண் சட்டியில் மூன்று நாள் மூடி வையுங்கள், நம் வீட்டு நீராகாரம் மாதிரிப் புளித்த வாசனை வரும், அதை ஐந்து மடங்கு தண்ணீர் கலந்து வாரம் இரண்டு முறை ஊற்றுங்கள். தினமும் ஊற்றும் போர் தண்ணீருக்கு, மளிகைக் கடையில் எலுமிச்சை உப்பு (சிட்ரிக் அமிலம்) என்று விற்பார்களே, அதை 10 லிட்டர் வாளிக்குக் கால் தேக்கரண்டி. அதற்கு மேல் வேண்டாம். ஏசி வைத்திருந்தால் அதிலிருந்து சொட்டும் தண்ணீரைப் பிடித்து ஊற்றுங்கள், அதில் உப்பே இருக்காது. ஆர்ஓ இயந்திரம் வெளியே தள்ளும் தண்ணீரை மட்டும் மறந்தும் ஊற்றாதீர்கள், உள்ளே வந்த உப்பெல்லாம் அதில்தான் சேர்ந்திருக்கும்.

ஏற்கெனவே வெளுத்த துளிருக்கு அன்னபேதி. நாட்டு மருந்துக் கடையிலும் உரக் கடையிலும் கிடைக்கும், உரக் கடையில் ஃபெரஸ் சல்பேட் என்று கேளுங்கள். இளம்பச்சைப் படிகமாக இருந்தால் வாங்குங்கள், துருப்பிடித்த பழுப்பாக இருந்தால் வேண்டாம், அது கெட்டுப்போனது. ஒரு லிட்டர் தண்ணீருக்கு 5 கிராம், அரை எலுமிச்சை பிழிந்து, வெயில் இறங்கியதும் இலையின் அடிப்பக்கம் நனையத் தெளியுங்கள். பத்து நாள் கழித்து இன்னொரு முறை. தெளித்த இலையைப் பத்து நாளைக்குச் சமையலுக்குப் பறிக்க வேண்டாம். முக்கியமாக, தரையில் சாக்கு விரித்துவிட்டுத் தெளியுங்கள். எங்கள் திண்ணை டைல்ஸில் விழுந்த மஞ்சள் கறை மூன்று வருஷமாக அப்படியே இருக்கிறது, வீட்டுக்காரி தினம் ஒரு முறை ஞாபகப்படுத்துகிறாள்.

கடைசியாக ஒன்று கேட்க வேண்டும். மோரை நிறுத்தியதும் அதற்குப் பதிலாக வேறு ஏதாவது போட்டீர்களா? சாம்பல்?

---

மடிப்பாக்கம் மாடி எழுதியது:

அண்ணா, நீங்கள் ஜோசியமும் பார்ப்பீர்களா? தெருமுனையில் இஸ்திரி வண்டிக்காரர் கரிச் சாம்பலை ஒரு பையில் கட்டிக் கொடுப்பார், மோர் நின்றதிலிருந்து வாரம் இரண்டு கை அந்த டிரம்மில்தான் போட்டுக்கொண்டிருக்கிறேன், இயற்கை உரம்தானே என்று. மாடு சம்பந்தம் இல்லை என்று பெண்ணும் சந்தோஷப்பட்டாள்.

---

காட்டுக்காரர், காங்கேயம் எழுதியது:

நினைத்தேன். சாம்பல் சுத்தக் காரம். சுண்ணாம்புத் தண்ணீருக்கு மேல் சாம்பலும் என்றால் செடி என்னதான் செய்யும். இன்றோடு நிறுத்துங்கள். மேலே இரண்டு அங்குல மண்ணைச் சுரண்டி எடுத்துவிட்டுப் புதுக் கலவை போடுங்கள், டிரம்மின் அடித் துளைகளை ஒரு கம்பியால் குத்திப் பாருங்கள், ஐந்து வருஷத்தில் வேர் அடைத்திருக்கும். தண்ணீர் தேங்கி நின்றாலும் இதே மஞ்சள் வரும்.

---

வாணலி எழுதியது:

சமையல் பக்கத்துக்கு நான் வருகிறேன். நான்கு வருஷமாகப் பால் இல்லாமல் சமைக்கிறேன், முதல் வருஷம் நானும் தயிருக்காக அலைந்தவள்தான், முந்திரித் தயிர் செய்து மாசக் கடைசியில் மளிகை பில்லைப் பார்த்து அழுதிருக்கிறேன். வேர்க்கடலைத் தயிர்தான் நமக்குக் கட்டுப்படியாகும்.

ஒரு கப் பச்சை வேர்க்கடலையை, அதாவது வறுக்காததை, ராத்திரி ஊறவையுங்கள். காலையில் கையால் பிசைந்தால் தோல் கழன்று மிதக்கும். தோலை எடுத்தால்தான் நிறம் வெள்ளையாக வரும், துவர்ப்பும் போகும், சோம்பல்பட்டால் தயிர் பழுப்பாக இருக்கும், வேறு நஷ்டம் இல்லை. மூன்று கப் தண்ணீர் கொஞ்சம் கொஞ்சமாக விட்டு அரைத்து, வேட்டித் துணியில் பிழியுங்கள். சக்கையைத் தூக்கிப் போடாதீர்கள், வெங்காயம், மிளகாய்த்தூள், கொஞ்சம் கடலைமாவு சேர்த்து அடை மாதிரித் தட்டலாம்.

அந்தப் பாலை அடி கனமான பாத்திரத்தில் ஊற்றி, கிளறிக்கொண்டே காய்ச்ச வேண்டும். இங்கேதான் பலரும் தவறு செய்கிறார்கள். ஒரு கொதி வந்ததும் இறக்கிவிட்டால் நீங்கள் சோயாவில் சொன்ன அந்தப் பச்சை வாடை இதிலும் நிற்கும். சிறு தீயில் பத்து நிமிஷமாவது கொதிக்கட்டும். மேலே வரும் நுரையை வழித்துப் போடுங்கள், பால் கரண்டியின் பின்பக்கம் லேசாக ஒட்ட ஆரம்பிக்கும், அதுதான் பதம். இறக்கும்போது அரைத் தேக்கரண்டி சர்க்கரை. மாட்டுப் பாலில் இயல்பாக இருக்கும் பால் சர்க்கரை இதில் கிடையாது, புளிக்க வைக்கும் கிருமிக்குத் தின்ன ஏதாவது வேண்டுமே.

விரல் வைத்தால் சுடாத வெதுவெதுப்புக்கு வந்ததும், காம்போடு இருக்கும் பச்சை மிளகாய் ஐந்தாறைக் கழுவிப் போட்டு மூடி வையுங்கள். சென்னைச் சூட்டில் எட்டு மணி நேரம் போதும். முதல் நாள் வருவது தயிர் என்று நினைக்காதீர்கள், அது உறை மட்டும்தான், கொஞ்சம் காரமாகவும் கொஞ்சம் வழவழப்பாகவும் இருக்கும். அதில் இரண்டு கரண்டி எடுத்து அடுத்த நாள் பாலில் விட்டால் அப்போது வருவதுதான் தயிர். மூன்றாவது முறைக்குக் கத்தியால் வெட்டினால் துண்டாக வரும். நிறமோ பூசணமோ கெட்ட வாடையோ தெரிந்தால் யோசிக்காமல் கொட்டிவிடுங்கள்.

தயிர்சாதத்துக்குச் சாதத்தைக் குழைய வடித்து, சூடு முழுக்க ஆறிய பிறகு கலக்குங்கள். கடுகு, இஞ்சி, பெருங்காயத் தாளிப்பு வழக்கத்தைவிட ஒரு சிட்டிகை கூடுதல், கடலை வாசனையை அது அடக்கும். மாதுளை முத்து போட்டால் வீட்டுக்கு வரும் விருந்தாளிக்கு வித்தியாசம் தெரியாது. எங்கள் அத்தை ஒரு வருஷம் தெரியாமல் சாப்பிட்டார், தெரிந்த பிறகுதான் "எனக்கு அப்பவே சந்தேகம்" என்றார்.

மோர்க்குழம்புக்கு ஒரு எச்சரிக்கை. கடலைத் தயிர் கொதித்தால் திரிந்துவிடும், மாட்டு மோரைவிட வேகமாக. துவரம் பருப்பு, அரிசி, தேங்காய், சீரகம், பச்சை மிளகாய் அரைத்த விழுதை முதலில் வெண்பூசணியோடு தனியாகக் கொதிக்கவிட்டு, அடுப்பை அணைத்த பிறகு கடைந்த தயிரை ஊற்றுங்கள். ஊற வைத்த அரிசி ஒரு தேக்கரண்டி விழுதில் கட்டாயம் இருக்கட்டும், அது பிடித்து நிறுத்தும்.

அப்புறம் உங்கள் தேங்காய்ப் பால். அதில் கொழுப்புதான் அதிகம், உறைந்து நிற்கப் புரதம் போதாது. அதனால்தான் மேலே அடை, கீழே தண்ணீர். அது உங்கள் கைத்தவறு இல்லை. தேங்காய்ப் பாலைத் தயிராக்கப் பார்க்காமல் தேங்காய்ப் பாலாகவே பயன்படுத்துங்கள்.

---

தாமிரபரணித் தண்ணி எழுதியது:

வாணலி அக்கா கடைசியில் சொன்னதுக்காகவே எழுதுகிறேன். எங்கள் திருநெல்வேலியில் கல்யாணத்துக்கு மறுநாள் மாப்பிள்ளை வீட்டாருக்குச் சொதிதான் போடுவார்கள், அதில் மோரும் கிடையாது பாலும் கிடையாது, வீகன் என்ற வார்த்தை இந்தப் பக்கம் வருவதற்கு முன்பிருந்தே அப்படித்தான். தேங்காய்ப் பால் மூன்று தரம் எடுத்துக்கொள்ளுங்கள். மூன்றாம் பாலில் கேரட், பீன்ஸ், உருளைக்கிழங்கு, முருங்கைக்காய் வேகட்டும், வெந்த பாசிப்பருப்பு கொஞ்சம், வதக்கிய சின்ன வெங்காயமும் பூண்டும், இஞ்சியும் பச்சை மிளகாயும் அரைத்த சாறு. பிறகு இரண்டாம் பால். கடைசியில் தலைப்பால் விட்டு நுரை கூடியதும் இறக்கிவிட வேண்டும், கொதிக்கவிட்டால் போச்சு. இறக்கி ஆறின பிறகுதான் எலுமிச்சை. சூட்டோடு பிழிந்தால் கசந்து திரிந்து, அன்றைக்கு வீட்டில் யாரிடமாவது திட்டு வாங்குவீர்கள். தொட்டுக்கொள்ள இஞ்சித் துவையலும் உருளைக்கிழங்கு சிப்ஸும். மோர்க்குழம்பு இல்லையே என்ற ஏக்கம் அந்தப் புளிப்பிலும் அந்த வெள்ளையிலும் பாதி அடங்கிவிடும்.

காபிக்குப் பெண் என்ன செய்கிறாள்? எங்கள் ஊர்ப் பக்கம் கருப்பட்டிக் காபியில் பாலே விடமாட்டோம், சுக்கும் மிளகும் தட்டிப் போட்டால் சளிக்கும் ஆச்சு. சோயாப் பாலில் கொதிக்கும் டிகாக்‌ஷனை ஊற்றிவிட்டுத் திரிகிறதே என்று புலம்புகிறவர்கள், டிகாக்‌ஷன் கொஞ்சம் ஆறின பிறகு ஊற்றிப் பாருங்கள்.

---

ஊசிமருந்து எழுதியது:

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும், நான் செவிலியர். சமையல் குறிப்புகள் அருமை, ஆனால் ஒன்றை யாரும் சொல்லவில்லை. அந்தப் பெண்ணுக்கு வைட்டமின் பி12 மாத்திரை வேண்டும். செடியிலிருந்து வரும் உணவில் நம்பத்தக்க அளவில் பி12 கிடையாது, பழைய சோற்றில் இருக்கிறது, சுருள்பாசியில் (ஸ்பைருலினா) இருக்கிறது என்று சுற்றும் செய்திகளை நம்பி உட்கார வேண்டாம். இத்தனை வருஷம் அவளுக்கு அது பாலிலிருந்தும் தயிரிலிருந்தும்தான் வந்திருக்கும். உடம்பு அதைச் சேமித்து வைக்கும், அதனால் நிறுத்திய உடனே எதுவும் தெரியாது, வருஷக் கணக்கில் கழித்துக் கை கால் மரத்துப்போகும்போதுதான் தெரியும். ஒரு ரத்தப் பரிசோதனை எடுத்து, அளவை மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். சுண்ணாம்புச்சத்துக்கு அவ்வளவு பயப்பட வேண்டாம், 100 கிராம் கேழ்வரகில் சுமார் 350 மில்லிகிராம் இருக்கிறது, எள்ளில் அதைவிடப் பல மடங்கு. எள்ளுப்பொடி ஒரு டப்பா எப்போதும் மேசையில் இருக்கட்டும்.

---

மடிப்பாக்கம் மாடி எழுதியது:

எல்லோருக்கும் நன்றி, பி12 விஷயம் உண்மையிலேயே தெரியாது, இந்த வாரமே பரிசோதனைக்குப் போகிறோம். காட்டுக்காரர் அண்ணா, இன்னொரு கேள்வி. மோர், சாணம், மீன் எதுவும் இல்லை என்றால் மற்ற தொட்டிகளுக்கு உரம் என்ன? மண்புழு உரத்தையும் பெண் ஒரு மாதிரிப் பார்க்கிறாள். அப்புறம் கொத்தமல்லி மட்டும் எனக்கு வரவே வராது, முளைத்து நான்கு இலை விட்டுவிட்டு நேராகப் பூத்துவிடுகிறது.

---

காட்டுக்காரர், காங்கேயம் எழுதியது:

புண்ணாக்கு இருக்கக் கவலை என்ன. கடலைப் புண்ணாக்கு 100 கிராமை ஒன்றரை லிட்டர் தண்ணீரில் மூன்று நாள் ஊறவைத்து, தெளிந்ததைப் பத்து மடங்கு தண்ணீர் கலந்து பதினைந்து நாளுக்கு ஒரு முறை கீரைக்கும் கத்தரிக்கும் ஊற்றுங்கள். நாற்றம் கொஞ்சம் அடிக்கும், கீழ் வீட்டுக்காரரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். கடலைப் புண்ணாக்கைக் கட்டியாக மண்ணில் புதைக்காதீர்கள், ஒரே ராத்திரியில் எலி வந்து தொட்டியையே தோண்டிப் போட்டுவிடும். புதைப்பதற்கு வேப்பம் புண்ணாக்கு, தொட்டிக்கு ஒரு கைப்பிடி, வேர்ப்புழுவும் அண்டாது. அது வேறு ஒரு உயிர்ப் பிரச்சினை என்று பாப்பா சொன்னால் நான் பொறுப்பில்லை.

மண்புழு உரம் பெரும்பாலும் சாணத்தில்தான் தயாராகிறது, அதனால் அவள் பார்ப்பதிலும் ஒரு நியாயம் இருக்கிறது. வேப்பமரமோ புங்கமரமோ பக்கத்தில் இருந்தால் உதிரும் சருகைச் சாக்கில் அள்ளி, ஒரு அடுக்கு சருகு, ஒரு அடுக்கு காய்கறித் தோல், மேலே ஒரு கை பழைய மண் என்று ஒரு பழைய டிரம்மில் அடுக்குங்கள். பிழிந்த துணி ஈரம் இருந்தால் போதும். வெளியே சொட்டினால் ஈரம் அதிகம், இன்னும் சருகு போடுங்கள். மூன்று நான்கு மாதத்தில் கருப்பாகப் பொலபொலவென்று வரும். வயலில் நாங்கள் சணப்பையும் தக்கைப்பூண்டும் விதைத்துப் பூக்கும் தறுவாயில் மடக்கி உழுவோம். காலியாகக் கிடக்கும் தொட்டியில் நீங்கள் தட்டைப்பயறு, கொள்ளு, எள், கம்பு என்று சமையலறையில் இருப்பதையே கலந்து தூவி, நாற்பது நாளில் பிடுங்கி அதே மண்ணில் புரட்டிப் போடுங்கள். இயற்கை வேளாண்மை நம்மாழ்வார் ஊர் ஊராகச் சொன்ன பல தானிய விதைப்பின் சின்ன வடிவம்தான் அது, அதற்கு மாடு வேண்டியதில்லை.

கொத்தமல்லி சூட்டில் பூக்கத்தான் செய்யும். தீபாவளி மழை குறைந்த பிறகு போடுங்கள், தை வரைக்கும் நன்றாக வரும். தனியாவைச் செருப்பு அடியில் லேசாகத் தேய்த்து இரண்டாக உடைத்து, ஒரு ராத்திரி ஊறவைத்து விதையுங்கள், ஒரு உருண்டைக்குள் இரண்டு விதை. நாற்றாகப் பிடுங்கி நட்டால் கோபித்துக்கொண்டு பூத்துவிடும், நேரடியாகவே தூவுங்கள்.

---

மடிப்பாக்கம் மாடி எழுதியது (ஐந்து வாரம் கழித்து):

சொன்னதை எல்லாம் செய்தேன் என்று சொல்ல ஆசைதான், முக்கால்வாசி செய்தேன். சாம்பலை நிறுத்தினேன். டிரம்மின் மூன்று துளையில் இரண்டு அடைத்திருந்தது, கம்பி விட்டுக் குத்தியதும் சாயத் தண்ணீர் மாதிரிப் பழுப்பாக ஒரு குடம் வெளியே வந்தது. அன்னபேதி இரண்டு முறை தெளித்தேன், சாக்கு விரித்துத்தான் தெளித்தேன், சாக்குக்கு வெளியே ஒரு சொட்டு விழுந்திருக்கிறது, அதன் மேல் ஒரு தொட்டியை நகர்த்தி வைத்துவிட்டேன். அரிசித் தண்ணீர் வாரம் இரண்டு முறை தவறாமல். நடுவில் ஐப்பசி மழை நான்கு நாள் விடாமல் கொட்டியது.

நேற்றுக் காலை பார்த்தால் எல்லா நுனியிலும் துளிர், பளிச்சென்று பச்சை. வெளுத்த பழைய துளிர் அப்படியேதான் இருக்கிறது, புதியதில் கோடு எதுவும் இல்லை. அன்னபேதியா, மழைத் தண்ணீரா, துளையைக் குத்தியதா என்று தெரியவில்லை. இவர் "நான் தினமும் காலையில் அதனிடம் பேசினேன்" என்கிறார்.

கடலைத் தயிர் முதல் முறை மிளகாய் பஜ்ஜி வாசனை வந்தது, வாணலி சொன்னதை நம்பி உறைக்கு மட்டும் எடுத்தேன். மூன்றாவது முறை வெட்டினால் துண்டாக வந்தது உண்மைதான். தயிர்சாதம் பாஸ். மோர்க்குழம்பை நான் ஒரு முறை மறந்துபோய்க் கொதிக்கவிட்டுத் திரித்தேன், அதையும் சாப்பிட்டோம். சொதிதான் இப்போது வீட்டில் ஞாயிற்றுக்கிழமைச் சமையல், இவர் இரண்டாம் முறை சாதம் கேட்கிறார். பி12 குறைவாகத்தான் இருந்தது, மாத்திரை ஆரம்பித்தாகிவிட்டது. வேடிக்கை என்னவென்றால் தினமும் பால் காபி குடிக்கும் எனக்கும் குறைவு.

இப்போது புதுப் பிரச்சினை. அந்தத் துளிரில் இன்று காலை காக்கை எச்சம் மாதிரி ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தது, துடைக்கப் போனால் நகர்ந்தது. புழு. எண்ணினால் ஏழு. அதற்குள் ஒரு கிளையை மொட்டையடித்துவிட்டன. வேப்பெண்ணெயை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனால் இவள் குறுக்கே நிற்கிறாள், அது பட்டாம்பூச்சியாகுமாம், தொடக்கூடாதாம்.

---

காட்டுக்காரர், காங்கேயம் எழுதியது:

பாப்பா சொல்வது சரிதான், எலுமிச்சைப் பட்டாம்பூச்சியின் புழு அது, அந்தச் சாதியில் இன்னும் ஒன்றிரண்டு வகை உண்டு. சின்னதில் எச்சம் மாதிரி இருக்கும், பெரிதானால் இலைப்பச்சைக்கு மாறிவிடும், அப்போது கண்ணுக்கே அகப்படாது. தொட்டால் தலையிலிருந்து இரண்டு கொம்பு மாதிரி நீட்டி ஒரு வாடை விடும், பயப்பட வேண்டாம், கடிக்காது. ஐந்து வருஷச் செடியை ஏழு புழுவால் கொல்ல முடியாது, ஆனால் இப்போதுதான் தேறி வருகிறது என்பதால் ஒரு வேலை செய்யுங்கள். ஒரு நாரத்தை அல்லது எலுமிச்சைக் கன்று வாங்கிப் பக்கத்தில் வைத்து, புழு இருக்கும் இலையைக் காம்போடு கிள்ளி அதன் மேல் வைத்துவிடுங்கள், தானாக ஏறிக்கொள்ளும், அதையும் தின்னும். கறிவேப்பிலைத் துளிருக்குப் பழைய கொசுவலைத் துணியைச் சுற்றிக் கட்டுங்கள், அடுத்த முட்டை விழாது.

---

மடிப்பாக்கம் மாடி எழுதியது:

நாரத்தங்கன்று வாங்கியாகிவிட்டது. அவளே ஒவ்வொன்றாக மாற்றினாள், ஒன்றுக்குப் பெயரும் வைத்திருக்கிறாள். கொசுவலை கட்டிய கறிவேப்பிலையைப் பார்த்துவிட்டு மாமி, "செடிக்கு டெங்குவா?" என்று கேட்டார். மீன் அமில பாட்டில் இன்னும் என்னிடம்தான் இருக்கிறது, அதை அவர் மனம் நோகாமல் எப்படித் திருப்பிக் கொடுப்பது என்று யாராவது சொன்னால் புண்ணியமாகப் போகும்.